துடைக்காத காரைக் கேட்டவர்

வீரணன் தொலைபேசியில் அழைத்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். வத்தலக்குண்டு ரோட்டில் காய்கறி மூட்டை ஏற்றும் சின்ன லாரி ஓட்டுகிறவர் அவர். அதுவரை என்னிடம் தொலைபேசியில் பேசியதே இல்லை. "அம்மா, தவமணி அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். "எங்கே போனார்? நாளைக்கு வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தாரே, எப்போது திரும்புவார்?" என்று கேட்டேன். சொன்ன நேரத்துக்கு ஆள் இல்லாமல் போவது எனக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மறுபடி ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை. மூன்றாம் முறை கத்தினார்: "செத்துப் போயிட்டாரும்மா! நெஞ்சு வலிக்குதுன்னு ஸ்டூல்ல உக்காந்த மனுசன் எந்திரிக்கல."

ஒரு மனிதரின் சாவுச் செய்தியை அவருடைய நண்பரை மூன்று முறை சொல்ல வைத்தேன். ஏன் எனக்குக் கேட்கவில்லை என்பதை இந்தப் பக்கங்களில் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துக்கொண்டு தவமணியைப் பற்றி ஒரு வரியும் உண்மையாக எழுத என்னால் முடியாது.

முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்று அவர் மனைவி ஈஸ்வரி கேட்டார். இதைப் படிக்கப்போகிற உங்களில் பெரும்பாலோர் ஓட்டுநர்கள், வண்டி வைத்திருப்பவர்கள். தவமணியின் ஷெட்டை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள். தகரக் கூரைக்குக் கீழே, வயர் சுருள்களுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவே, வானொலிகூட இல்லாமல் அமைதியாக வேலை பார்த்த அந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது மூன்று ஆண்டுகள் மட்டுமே. அதுவும் ஒரு சின்ன விளக்கின் காரணமாக.

என்னைப் பற்றிச் சில வரிகள் தேவைப்படுகின்றன. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். பிறகு ஓய்வு பெறும் வரை திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். வெளியூர் அழைப்புகளை இணைப்பவளாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக வெளியே வந்தேன். இரைச்சலுக்கு நடுவே எந்த ஊர், எந்த எண் என்று ஒரே தடவையில் பிடித்துவிடுவேன். "அந்த அம்மாவுக்குப் பாம்புக் காது" என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. என் கணவர் இறந்த மறு ஆண்டு, அதுவரை அவர் ஓட்டிய பழைய காரைக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு புதுக் காரை நானே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கினேன்.

அந்தக் கார் எனக்கு ஆடம்பரம் அல்ல. என் அக்கா சித்தையன்கோட்டையில் படுக்கையில் இருக்கிறாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் குரல் மூச்சுக்காற்று அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், மதிய உணவுக்குப் பிறகு புறப்பட்டு, செம்பட்டி வழியாகப் போய் அவளிடம் உட்கார்ந்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். பேருந்து மாறி ஏற என் முழங்கால்கள் இடம் கொடுக்காது. கார் போனால் அக்காவும் போனாள் என்பதே என் நிலை.

அப்படி ஒரு நாள் போகும் வழியில்தான் அந்த விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், அவர் மார்புக்கு எதிரே ஒரு பந்து. வண்டி மோதினால் விரிந்து நம்மைத் தாங்கும் ஏர்பேக்கில் ஏதோ கோளாறு என்பதற்கு அது அடையாளம். அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பும்போது விளக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி எரிந்தது.

வண்டி வாங்கிய இடத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். "பழைய பதிவு ஒண்ணு இருந்துச்சு மேடம், அழிச்சிட்டோம்" என்றார்கள். அடுத்த முறை இருக்கைக்குக் கீழே இருந்த மஞ்சள் நிறச் சொருகியைக் கழற்றி மாட்டினார்கள். மூன்றாம் முறை, டை கட்டிய ஒருவர் வந்து, "பாட்டி, பக்கத்துல சீட் பெல்ட் லைட்டும் அதே மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துட்டு மாத்திச் சொல்றீங்கபோல" என்றார். கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்து, வாகன ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்து, கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறவள் நான். "நான் உங்களுக்குப் பாட்டி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. படிவத்தில் இருந்த என் மகனின் எண்ணுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பெங்களூரில் இருக்கிறான். அன்று மாலையே பேசினான்.

"அம்மா, இல்லாத லைட்டு தெரியுதுன்னா அது வேற விஷயம்மா. காரை வித்துரலாம்."

"விளக்கு எரிகிறது. நான் பார்த்தேன்."

"சரி, எரியுதுன்னே வச்சுக்குவோம். ஏர்பேக் வேலை செய்யாத வண்டியை இந்த வயசுல ஓட்டுவியா? ரெண்டுல எதுவா இருந்தாலும் விக்கத்தான் வேணும். இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா நானே வந்து முடிச்சிடுறேன்."

அவன் வாதத்தில் பிழை இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

வத்தலக்குண்டு ரோட்டில் தினமும் கண்ணில் படும் அந்தத் தகர ஷெட்டில் நான் வண்டியைத் திருப்பியது மறுநாள். பெரிய இடங்களில் நம்பாததை இங்கே யார் நம்புவார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனேன். வீரணனின் லாரிக்குக் கீழே படுத்திருந்தவர் எழுந்து வந்து, நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் நானே, "உங்களுக்கும் நம்பிக்கை வராது" என்றேன்.

"அது எப்படிங்கம்மா? எரிஞ்சுச்சுன்னு நீங்க சொன்னா எரிஞ்சிருக்கு. பல்பு சும்மா பொழுதுபோகாம எரியாது."

ஒரு மாதமாக எல்லோரிடமும் என் கண்களுக்காக வழக்காடிக் களைத்துப்போயிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் முழுதாக உணர்கிறேன். அன்று நான் நன்றிகூடச் சொல்லவில்லை. "சென்சாரு" என்று அவர் சொன்னதைத் திருத்தி, "சென்சார்" என்றேன். "சென்சார்" என்று பணிவாகத் திருப்பிச் சொன்னார்.

வீரணன் அருகில் நின்று பீடியை அணைத்தபடி, "என்னண்ணே, அம்மா கார்ல பேயி கீயி ஏறிருச்சா?" என்றார்.

"ஏலே, உன் லாரில ஹாரனத் தவிர எல்லாம் சத்தம் போடுதே, அத என்னன்னு சொல்ல? போயி டீயச் சொல்லு."

பிறகு என் காரில் வேலையைத் தொடங்கினார். அரை மணி நேரம் விளக்கு எரியவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். வழியில் எரியும், அவர் ஷெட்டில் எரியாது. மூன்றாம் முறை போனபோது காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, உள்ளே பார்த்தபடியே நின்றார்.

"அம்மா, ஒவ்வொரு தடவையும் வண்டிய இம்புட்டுச் சுத்தமாக் கொண்டாரீங்களே, யாரு தொடைக்கிறது?"

"நான்தான். ஒருவர் கையில் ஒரு பொருளைக் கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்."

உண்மைதான். ஷெட்டுக்கு நூறு அடி முன்னால் புளியமரத்து நிழலில் நிறுத்தி, இருக்கைகளைத் துடைத்து, இருக்கிற பொருள்களை எல்லாம் எடுத்துப் பின்பக்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதும் அப்படியே.

தவமணி தலையைச் சொறிந்தார். "ஒரு நாளைக்குத் தொடைக்காம கொண்டாங்கம்மா. காய்ச்சக்காரன் டாக்டர்ட்ட போறப்ப காய்ச்சலோடதானம்மா போகணும்? நீங்க ஜுரத்த எறக்கி, குளிப்பாட்டி, பவுடர் போட்டுல்ல கூட்டியாரீங்க."

வீரணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுக்கு வண்டியோடு வரச் சொல்வது என்னை அவமதிப்பதுபோல் இருந்தது. "அது என்னால் முடியாது" என்றேன். "சரிங்கம்மா. எதுக்கும் ஒண்ணு கேக்குறேன். முன் சீட்டுல எதாச்சும் வைக்கிற பழக்கம் உண்டா?"

"இல்லை" என்றேன்.

அது பொய்.

நான் மறைத்ததைச் சொல்கிறேன். எட்டு ஆண்டுகளாக எனக்கு இரண்டு காதுகளும் மந்தம். மதுரையில் யாருக்கும் தெரியாமல் காது கேட்கும் கருவிகள் வாங்கினேன். முடியை அதற்கேற்ப வாரிக்கொள்ளக் கற்றேன். மகனுக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கும் தெரியாது. பாம்புக் காது என்று பெயர் எடுத்தவள் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய பயம், காது கேட்காதவள் கார் ஓட்டுவதா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது.

கருவிகள் பழசாகி, காலையில் போட்டால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துபோகும். அக்காவின் குரலுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆகவே புறப்படும்போதே கழற்றி, சார்ஜ் ஏற்றும் டப்பாவில் வைத்துவிடுவேன். அந்த டப்பாவுக்கு வீட்டு மின்சாரம்தான் ஒத்துவரும். அதற்காக, கார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கி, காரில் சிகரெட் பற்ற வைப்பதற்கென்று இருக்கும் ஓட்டையில் மாட்டி, பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்வேன். அதன்மேல் டப்பா. அக்கா வீடு போய்ச் சேர்வதற்குள் ஓரளவு ஏறிவிடும். திரும்பும்போது கருவிகள் என் காதில் இருக்கும். ஆகவே இருக்கை வெறுமையாக இருக்கும்.

அதாவது, என் உண்மைக் காதுகளோடு, அவற்றால் பாதிகூடக் கேட்காத நிலையில், லாரிகள் ஓடும் சாலையில் நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கண்ணைச் சந்தேகித்தவர்கள்மேல் கோபித்துக்கொண்டிருந்தேன். என் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது.

"அப்ப நான் கூட வாரேன்" என்று அடுத்த நாள் தவமணி வண்டியில் ஏறினார். முன்னால் உட்காரவில்லை. "நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். நான் இல்லாத மாதிரி நெனச்சு, நீங்க எப்பவும் போல ஓட்டுங்கம்மா." எப்போதும் போல ஓட்டுவதென்றால் இன்வெர்ட்டரை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. செம்பட்டி வரை போய்த் திரும்பினோம். விளக்கு எரியவில்லை. அவர் வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

குனிந்து, முன் இருக்கையின் உறையை உள்ளங்கையால் தடவினார். அந்தச் சிகரெட் லைட்டர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இதுல என்னம்மா மாட்டுறீங்க?" "ஒன்றுமில்லை." "சரிங்கம்மா" என்றார். அந்த "சரிங்கம்மா"வில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

மகன் சொன்ன மாதம் முடிய நான்கு நாள்கள் இருந்தன. தவமணி என்னை வரச் சொல்லியிருந்தார். போனபோது ஷெட்டில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவர்களை டீ குடிக்க அனுப்பினார். கையைத் துடைத்துக்கொண்டு, என் காரின் கையேட்டை எடுத்துவந்தார். நடுவில் ஒரு பக்கத்தில் மஞ்சள் வயர்த் துண்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது.

"இங்கிலீசு நமக்கு அவ்வளவா ஓடாதுங்கம்மா. நீங்க கான்வென்ட்டு. இந்த எடத்தச் செத்த வாசிச்சுச் சொல்லுங்க."

எனக்குப் பிடித்த வேலை. நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தங்களோடு உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். முன்பக்கப் பயணி இருக்கையின் உள்ளே ஓர் உணர்வி இருக்கிறது. மின்சாதனங்களை அந்த இருக்கையின்மேல் வைத்தால், அவற்றிலிருந்து வரும் இடையூறால் உணர்வி தவறாக இயங்கலாம். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியலாம். குறிப்பாக, வண்டியின் மின்சாரத்தில் ஓடும் இன்வெர்ட்டர்...

அந்தச் சொல்லோடு என் குரல் நின்றுவிட்டது.

தவமணி புத்தகத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் என்னம்மா போட்டிருக்கு?"

"அவ்வளவுதான்."

"யாராச்சும் மறந்தாப்புல எதையாச்சும் வச்சிருந்தா அப்படி ஆகுமாக்கும்." யாராச்சும் என்றார். நீங்கள் என்று சொல்லவில்லை. பிறகு என் எதிரே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சீட்டுக்குள்ள பாய் விரிச்சாப்புல ஒரு சென்சார் கெடக்கும்மா. மேல ஆளு உக்காந்திருக்கா, சின்னப் புள்ளையா, வெறும் சீட்டான்னு பாத்துக்கிட்டே இருக்கும். அதுமேல கரண்டு சாமான் ஒண்ணு உக்காந்து இரைஞ்சா, அது ஆளும் இல்ல, புள்ளையும் இல்ல, என்னடா இது வெவகாரம்னு அதுக்குக் கொழம்பிரும். லைட்டப் போட்டுரும். ஆமா, உங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு லைன்ல பேசுறது அடுத்த லைன்ல விழும்ல, அதுக்கு என்ன பேரும்மா?"

"கிராஸ் டாக்."

"அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"இரண்டு லைனையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்வோம்."

"அம்புட்டுத்தான். தள்ளி வச்சாப் போதும்."

கோளாறை நானே கண்டுபிடித்ததுபோல, தீர்வையும் நானே சொன்னதுபோல முடித்துவிட்டார். அன்று மாலை மகனிடம், "கோளாறு தெரிந்துவிட்டது, சரியாகிவிட்டது" என்றேன். என்ன என்று கேட்டான். "மின்சார இடையூறு" என்றேன். மேலே சொல்லவில்லை. கார் தப்பியது. அக்காவும் எனக்குத் தப்பினாள்.

மறுவாரம் நான் கேட்காமலே இரண்டு வேலைகள் செய்திருந்தார். பின் இருக்கைக்குக் கீழே புதிதாக ஒரு மின் சாக்கெட். வலதுபக்கக் கண்ணாடியின் ஓரத்தில், பின்னால் வருகிற சாலையை அகலமாகக் காட்டும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டேன்.

"கண்ணாடி இருந்தா, பின்னாடி வாரவன் ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்மா."

பிறகு, குரலைத் தாழ்த்தாமல், என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "அப்புறம், அந்தச் சார்ஜு போடுற சாமான வழில போட வேண்டாம். போய்ச் சேந்து, வண்டிய நிப்பாட்டிட்டுப் போடுங்க. ஓட்டுறப்ப அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கட்டும்."

மூன்று ஆண்டுகளில் அவர் அந்த விஷயத்துக்கு அருகில் வந்தது அந்த ஒரு முறைதான். அன்றிலிருந்து, போகிற நாள்களில் காலையில் போடாமல் சார்ஜை மிச்சம் பிடித்து, கருவிகளைக் காதில் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அக்கா வீட்டு வாசலில் அரை மணி நேரம் வண்டியில் காத்திருந்து சார்ஜ் ஏற்றிவிட்டு உள்ளே போகிறேன். ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று அக்கா கேட்டால், ஜெபமாலை சொல்கிறேன் என்பேன். பல நாள்கள் அது உண்மையும்தான்.

இன்னொன்றும் நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். உங்களிடம் எல்லாம் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கத்திப் பேசுகிறவர், என்னிடம் பேச வேண்டுமென்றால் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து நின்று, வாய் தெரியும்படிதான் பேசுவார். மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதைதான். நான் நினைத்த காரணத்துக்காக அல்ல.

அடக்கத்துக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஈஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கள ரொம்பச் சொல்லுவாரும்மா. செம்பட்டி போயிட்டு வந்த அன்னைக்கு வீட்டுக்கு வந்து, சோத்துல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. என்னன்னு கேட்டேன். பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் மேல ஹாரனா அடிக்கிறான், நானும் அம்மா அம்மான்னு கூப்புடுறேன், அந்தம்மா பாட்டுக்கு நடு ரோட்டுல போகுதுன்னாரு. அப்ப அவங்க மகனுக்குச் சொல்லிருங்கன்னேன். வேணாம் ஈஸ்வரி, சொன்னா வண்டியப் புடுங்கிருவாங்க, நான் வேற வழி பண்றேன்னாரு."

அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பலமுறை. நான் அந்தப் பயணத்தை அமைதியான பயணமாக நினைவில் வைத்திருந்தேன்.

எழுதுவதற்கு உதவும் என்று ஈஸ்வரி ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். வண்டி எண், கோளாறு, செய்த வேலை என்று தவமணி குறித்து வைத்த நோட்டு. வீட்டுக்கு வந்து திறந்தேன். முழுவதும் ஆங்கிலம். சிறிய, சாய்வில்லாத, தெளிவான கையெழுத்து. கையேடுகளிலிருந்து அவரே எடுத்த குறிப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன. அதில் இருந்த சில தொழில்நுட்பச் சொற்களுக்கு எனக்கே அகராதி வேண்டியிருந்தது.

ஈஸ்வரிக்குத் தொலைபேசி செய்து, "அவருக்கு ஆங்கிலம் வராது என்றாரே" என்றேன்.

"யாரு, இவரா? சாப்புடுறப்பயும் அந்த இங்கிலீசு புக்கத்தான பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் திட்டுவேன்மா."

என் காரின் எண் இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்தேன். தேதி, என்னைக் கையேட்டை வாசிக்கச் சொன்ன நாளுக்கு ஒரு வாரத்துக்கு முந்தையது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன். "அம்மா சொல்வது சரி. விளக்கு எரிகிறது. இருக்கை உறையில் நான்கு ரப்பர்க் கால் தடங்கள். மேலே இன்வெர்ட்டர் வைக்கிறார். அவரிடம் கேட்க வேண்டாம்."

ஒரு சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது. வழக்கம்போல் என் கை பென்சிலைத் தேடியது. எடுத்த பென்சிலைத் திரும்ப வைத்துவிட்டேன். சென்சார், மேனுவல், பேட்டரி என்று மூன்று ஆண்டுகள் நான் அவர் உச்சரிப்பைத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லிக் கற்றுக்கொண்டதுபோல் தலையாட்டினார். ஓட்டுநர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். அதற்குப் பதில், தனக்குத் தெரிந்த மொழி தெரியாது என்று சொல்லிக்கொண்டார்.

இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலரில் படித்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. முடித்ததும் அவன் கேட்டான்:

"அந்த மெக்கானிக்குக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உன்னை ஓட்ட விட்டாரா?"

"காதில் போட்டுக்கொண்டு ஓட்டச் சொன்னார். பின்னால் வருவது தெரிய ஒரு கண்ணாடி வைத்துக்கொடுத்தார்."

"முப்பதாம் நாளுக்கு நானும் வர்றேன்மா" என்றான். "உன் கூட முன் சீட்ல உட்கார்ந்து வர்றேன். நீ ஓட்டு. பார்த்துட்டுச் சொல்றேன்." அவன் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால், சாவியைக் கொடுத்துவிடுவேன். இதற்குமேல் எதையும் ஒளித்து வைத்து அந்தக் காரை ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

தவமணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வட்டக் கண்ணாடியும், கையேட்டில் அவர் அடையாளம் வைத்த மஞ்சள் வயர்த் துண்டும். அது இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது. முன் இருக்கை உறையில் அந்த நான்கு தடங்களும் இருக்கின்றன. இத்தனை நாள் துடைத்தும் அவை என் கண்ணில் படவில்லை.

ஷெட்டில் நடக்கும் முப்பதாம் நாளுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. வீரணன், ஷெட் வாசலில் என் வண்டிக்கு இடம் விட்டு வையுங்கள். ஒரு வாரமாகக் காரைத் துடைக்கவில்லை. தரையில் சித்தையன்கோட்டைப் புழுதி இருக்கிறது. பின் இருக்கையில் என் காதுகளின் டப்பா, வயர், எல்லாம் வெளியே கிடக்கின்றன. புளியமரத்தடியில் இந்த முறை நான் நிறுத்தப்போவதில்லை. அவர் கேட்டபடியே கொண்டு வருகிறேன்.